மஹ்காம் அகா மண்வெட்டியைத் தொட்டால்

மார்ச் பிறந்துவிட்டால் எங்கள் தேபோலா கிராமத்துக்காரர்கள் யாரும் வானிலை கேட்க வானொலியைத் திருப்புவதில்லை. மஹ்காம் அகா வீட்டு மதிலை எட்டிப் பார்ப்பார்கள். அகா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். மதிலுக்கு அந்தப்பக்கம் அத்திமரத்தை மூடிய மண்மேடு அப்படியே இருந்தால், "சரி, இன்னைக்குப் பொழுது நல்லபடியா போகும்" என்று சொல்லிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். மேடு கலைந்திருந்தால் தீர்ந்தது கதை. அன்றைக்கே வைக்கோலை நனைத்து, பழைய டயர்களை உருட்டிக்கொண்டு வந்து, பூவைக் குளிரிலிருந்து காக்க ஆப்ரிகாட் தோப்புகளில் புகைபோட ஆயத்தமாகிவிடுவார்கள்.

எங்கள் பக்கத்துக் குளிரை அத்தி தாங்காது. இலை உதிர்ந்ததும் கிளைகளைக் கற்றை கற்றையாகக் கட்டி, தரையோடு தரையாக வளைத்து, மேலே கல்லை வைத்து, பழைய கம்பளம், சருகு, அதற்கும் மேல் முழங்கால் உயரத்துக்கு மண் என்று போர்த்திவிடுவோம். வசந்தம் வந்ததும் தோண்டி நிமிர்த்திவிடுவோம். பார்க்க ஆளைப் புதைத்த மேடு மாதிரியே இருக்கும். ஒருமுறை ஆட்டுரோமம் வாங்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் மஹ்காம் அகா வீட்டு மேட்டைப் பார்த்துச் சட்டென்று நின்றார். உள்ளங்கைகளை விரித்து வேண்டினார். முகத்தைத் தடவிக்கொண்டு, "எப்ப தவறினாங்க?" என்று கேட்டார்.

"நவம்பர்ல," என்றார் மஹ்காம் அகா. "ஏப்ரல்ல எழுந்துடுவாங்க."

வந்தவர் ரோமம் வாங்காமலே போய்விட்டார். இந்த வாய்தான் மஹ்காம் அகாவைக் கெடுத்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் மார்ச் நடுவில் நாலு நாள் நல்ல வெயில். தேநீர்க் கடையில் ஊரே உட்கார்ந்திருந்தது. மனுஷன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று, "குளிர் செத்துப்போச்சு. நான் பொறுப்பு. இன்னைக்கே என் அத்தியைத் திறக்கிறேன், நீங்களும் போய்ப் போர்வையை மூட்டை கட்டுங்க" என்றார். சொன்னபடி திறந்தார். மறுநாள் காலையில் முழங்காலளவு பனி. அந்த வருடம் ஊரில் ஒரு ஆப்ரிகாட்கூடக் காய்க்கவில்லை.

அடுத்த வருடம் வாயை மூடிக்கொண்டு திறந்தார். மூன்றாம் நாள் உறைபனி. அதற்கடுத்த வருடம் வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸ் கழிந்து பத்து நாள் பொறுத்துத் திறந்தார். கோழிமுட்டை அளவுக்கு ஆலங்கட்டி விழுந்து, பள்ளிக்கூடத்துக் கண்ணாடி முழுக்க நொறுங்கியது. அவ்வளவுதான், கரிநாக்கு என்று ஆரம்பித்த பேச்சு கைராசியில் வந்து நின்றது. அந்தந்த நாட்களில் இன்னும் இருபது வீட்டில் இதேபோல் மூடிவைத்த திராட்சைக் கொடியைத் திறந்திருக்கிறார்கள், அதை ஒருத்தராவது நினைத்துப் பார்க்க வேண்டுமே! நாலு நாள் வெயில் அடித்தால் மஹ்காம் அகாவுக்குக் கை அரிக்கும். நாலு நாள் வெயில் அடித்தால் எங்கள் மலையடிவாரத்தில் ஐந்தாம் நாள் குளிர் திரும்பி எட்டிப் பார்க்கும். இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? மனுஷன் இருபத்தாறு வருடமாக எங்கள் பள்ளிக்கூடத்தில் கொதிகலனுக்கு நிலக்கரி போடுகிறவர். ஊர்ப் பிள்ளைகள் நானூறு பேரும் அவர் புண்ணியத்தில்தான் குளிர்காலத்தில் விரல் விறைக்காமல் எழுதுகிறார்கள். அவரைப் போய்க் குளிரை இழுத்து வருகிறவர் என்கிறது ஊர்.

கடைசி மூன்று வருடமாக ஊர் கெஞ்சியதற்காக அவர் தாமதமாகத்தான் திறந்தார். அதனால் குளிர் நின்றதா என்றால் இல்லை, எவ்வளவு தள்ளித் திறந்தாலும் அதற்குப் பின்னாலேயே வந்தது. அத்திதான் போயிற்று. சூடேறிய மண்ணுக்குள் கிடந்த மொட்டுகள் வெளுத்து முளைவிட்டு அழுக ஆரம்பித்துவிடும். பதினொரு பெருங்கிளை இருந்த மரத்தில் இப்போது மிச்சம் ஆறு. மகளைக் கட்டிக்கொடுத்த வருடம் அவர் கையால் நட்ட மரம் அது. இந்த வருடமும் நேரத்தில் திறக்காவிட்டால் மரமே இருக்காது என்று அவருக்குத் தெரியும். அவர் மனைவி ஹோசியத்துக்கும் தெரியும். ஊருக்கும் தெரியும், அதற்காக ஊர் என்ன செய்யும்?

இந்த வருடம் மார்ச் முதல் வாரமே பாதாம் பூத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை மஹ்காம் அகா கொட்டகையைத் திறந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பத்து அடி வைத்திருக்கமாட்டார், மதிலுக்கு மேலே பூப்போட்ட தலைத்துணி ஒன்று முளைத்தது. பக்கத்து வீட்டு சனோபர். புருஷனை இழந்தவள், பதினாலு ஆப்ரிகாட் மரங்களை வைத்துக்கொண்டு இரண்டு பெண்களை வளர்த்தவள். மூத்தவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். சின்னவள் கல்யாணம் போன வருடமே நடந்திருக்க வேண்டியது. பனியில் பூ கருகி, இந்த இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போயிருந்தது.

"அகா! கையில என்ன அது?"

"மண்வெட்டி."

"அது கண்ணுக்குத் தெரியுது. எதுக்கு?"

"வாய்க்கால் அடைச்சிருக்கு சனோபர். தூர் எடுக்கப் போறேன்."

"வாய்க்கால் மேற்கால இருக்கு. நீங்க கிழக்கால நிக்கிறீங்க."

"நடந்துதானே போகணும்? பறந்தா போவாங்க?"

"அத்திப்பக்கமா சுத்திக்கிட்டுத்தான் போகணுமா? நில்லுங்க அங்கயே. ஒரு அடி எடுத்து வெச்சீங்க, ஊரைக் கூட்டிருவேன்!"

அவர் ஒரு அடி வைத்தார். அவள் கூட்டிவிட்டாள். கெட்டில் கொதிக்கும் நேரத்துக்குள் மதில்மேல் பதினொரு தலைகள். தெருத் தலைவர் சத்தோர், நாவிதர் கடையிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தார். ஒரு கன்னம் மழித்து, மறு கன்னத்தில் நுரை. "மஹ்காம் அகா, பெரிய மனுஷன் நீங்க," என்று மூச்சு வாங்கினார். "கீழ வையுங்க அதை. பேசிக்கலாம்."

அன்று மதியமே தேநீர்க் கடையில் கூட்டம் போட்டார்கள். மஹ்காம் அகாவையும் கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்து, மரியாதைக்கு முதல் கிண்ணம் தேநீரும் அவருக்கே ஊற்றிக்கொடுத்தார்கள். அப்புறம் அவர் அங்கே இல்லாதது போலவே பேச ஆரம்பித்தார்கள்.

"அவர் திறக்கக்கூடாது. சரி. வேற யாராவது திறந்தா?" என்று ஒருவர் கேட்டார்.

"மரம் யாரோடது? அவரோடது. அப்ப அவர் திறந்த மாதிரிதான்."

"அவர் அன்னைக்கு ஊர்லயே இல்லாம ஹுஜாந்துல பொண்ணு வீட்டுக்குப் போயிடட்டும். நாம திறந்துடலாம்."

"ஹுஜாந்துக்காரன் என்ன பாவம் பண்ணினான்? அங்கயும் மரம் மட்டை இருக்குல்ல?"

"கண்ணைக் கட்டிவிட்டுட்டு, அவரையே..."

"யோவ், கண்ணாலயா தோண்டுறாரு? கைய்யா, கை!"

மஹ்காம் அகாவுக்குப் பொறுக்கவில்லை. "நான் செத்துட்டா என்னய்யா பண்ணுவீங்க?" என்றார்.

சத்தோர் கொஞ்சநேரம் நிஜமாகவே யோசித்தார். "எந்த மாசத்துல?" என்று கேட்டார்.

கடைசியில் தீர்மானமாயிற்று. ஆப்ரிகாட் பிஞ்சு பட்டாணி அளவுக்குத் திரளும் வரைக்கும், அதாவது ஏப்ரல் இருபது வரைக்கும், அத்தி மண்ணுக்குள்ளேயே இருக்க வேண்டும். மண்வெட்டி, கொத்து, கவைக்கோல் மூன்றும் சத்தோர் வீட்டுக் கொட்டகையில் இருக்கும். யாரும் அவருக்கு இரவல் கொடுக்கக்கூடாது.

"இருபதாந்தேதி வரைக்கும் கிடந்தா அழுகிடும்யா," என்றார் மஹ்காம் அகா. குரல் இறங்கிப்போயிருந்தது. "ஆறு கிளைதான் இருக்கு."

"உங்களுக்கு ஒரு மரம் அகா. எங்களுக்கு ஊர் முழுக்க மரம்," என்றார் சத்தோர். அதில் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வது? மஹ்காம் அகா தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

நவ்ரூஸ் வந்தது. ஊர் முழுக்கக் கோதுமைமுளைப் பாகு கொதிக்கிற வாசனை. பண்டிகை முடிந்த கையோடு ஒவ்வொரு தோட்டத்திலும் ஆள். ஒரு வீட்டில் மரத்தடிக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், ஒரு வீட்டில் வெங்காயம் நடுகிறார்கள், ஒரு வீட்டில் திராட்சைக் கொடியை எடுத்துப் பந்தலில் கட்டுகிறார்கள். வெட்டுகிற சத்தமும் கிளை நறுக்குகிற சத்தமும் காதில் விழ விழ மஹ்காம் அகா வாசலில் விரித்த மெத்தையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கொடுமையைச் சொல்லி மாளாது. ஐந்து மாதம் கொதிகலன் அறையில் கரிப்புகைக்குள் கிடந்தவருக்கு வசந்தம் என்றால் அந்த முதல் வெட்டு மண்தான். பொறுக்கமாட்டாமல் உடைந்த எனாமல் தொட்டி ஒன்றில் மண்ணை நிரப்பி முள்ளங்கி விதைத்தார். மறுநாள் சத்தோர் வந்துவிட்டார்.

"அகா, தொட்டியில என்னமோ போட்டிருக்கீங்களாமே?"

"முள்ளங்கி."

"தப்பில்ல, தப்பில்ல. சும்மாதான் கேட்டேன்." அவர் தொட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "தொட்டியைக் கொஞ்சம் வீட்டுக்குள்ள வெச்சுக்கலாமா? கூரைக்குக் கீழன்னா தோட்டம்னு ஆகாது பாருங்க."

தொட்டி வீட்டுக்குள் போயிற்று. ஹோசியத் ரொட்டிமாவு பிசைகிற இடத்துக்குப் பக்கத்தில் முள்ளங்கி முளைத்தது. ஒருநாள் காலை, பால்தேநீரில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே மஹ்காம் அகா தலையைத் தூக்காமல் கேட்டார்.

"ஹோசியத், நிஜமாவே நான்தானோ?"

"என்னது நீங்கதானோ?"

"பனி."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, நீங்க அவ்வளவு பெரிய ஆளா? மூலையில கிடக்கிற சுண்ணாம்புச் சட்டியை நகர்த்துங்கன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன், அதுவே உங்க கையால நகரல. நீங்க சொல்லி மலையில பனி இறங்கி வருதாக்கும்!"

"ஏழு வருஷம் தப்பாம வந்திருக்கே. ஊரே சொல்லுது."

"ஊர் சொல்லும். ஊருக்கு என்ன வேலை?"

அவருக்கு அது ஆறுதலாக இல்லை. மற்றவர்கள் கேலி செய்வது வேறு. தானே தன்னைச் சந்தேகிப்பது வேறு. சனோபரின் சின்ன மகள் தெருவில் எதிரே வந்தால் இப்போதெல்லாம் அவர் அடுத்த சந்தில் திரும்பிவிடுவார். அந்தப் பெண்ணின் கல்யாணத்தைத் தானே கையால் தள்ளிப்போட்டதாக ஒரு நினைப்பு. நான் இல்லை என்று ஒருத்தர் வாயிலிருந்து, ஒரே ஒருத்தர் வாயிலிருந்து வந்துவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு. மனைவி சொன்னது கணக்கில் சேராது. அவள் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

ஏப்ரல் ஐந்தாம் தேதி மேட்டுக்குப் பக்கத்தில் குனிந்தவர் மூக்கில் புளித்த வாடை அடித்தது. வீட்டுக்குள் போய் ஹோசியத் சோறு பரிமாறுகிற கரண்டியை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்தார். மேட்டோரம் மண்டியிட்டு, பெருச்சாளி வளை பார்க்கிறவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு, கரண்டி கரண்டியாக மண்ணை எடுத்தார். ஒரு சாண் ஆழம் போயிருக்கும், விரலில் கம்பளம் தட்டியது. அதற்குள் கையை நுழைத்துத் தடவினார். ஈரம். விரல்நுனியில் கூழாக ஒன்று ஒட்டியது.

"அடப்பாவி மனுஷா!"

கையும் கரண்டியுமாக மாட்டிக்கொண்டார். சனோபர் இந்தமுறை மதிலுக்கு மேலே நிற்கவில்லை. மதிலையே தாண்டிக் குதித்துவிட்டாள். ஐம்பத்து நாலு வயதுப் பெண்பிள்ளை, முட்டி சிராய்த்து ரத்தம் வருகிறது, அது கூடத் தெரியவில்லை.

"கரண்டியை எடுத்தா தெரியாதுன்னு நினைச்சீங்களா? வானத்துக்குக் கண்ணு இல்லையா? இப்பதான் பூ உதிர்ந்து பிஞ்சு வெச்சிருக்கு. கடுகளவுதான் இருக்கு அகா! இன்னும் பதினைஞ்சு நாள். பதினைஞ்சே நாள்! என் பொண்ணு வயசு என்ன தெரியுமா உங்களுக்கு? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இன்னொரு வருஷம் காத்திருப்பாங்களா? அவ என்ன உங்க வீட்டு அத்தியா, மண்ணைப் போட்டு மூடி வெச்சிக்கிறதுக்கு?"

"அழுகுது சனோபர். இங்க பாரு." அவர் விரலை நீட்டினார். "இன்னும் ரெண்டு நாள்ல திறக்கலைன்னா எதுவும் மிஞ்சாது."

அவள் அந்த விரலைப் பார்த்தாள். தோட்டக்காரி இல்லையா, அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. முகம் ஒருமுறை இளகியது, திரும்ப இறுகியது. "தெரியுது," என்றாள். "ஆனா நான் என்ன பண்ணட்டும்? நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்?"

சத்தம் கேட்டு ஹோசியத் வெளியே வந்தாள். கையில் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி. மஹ்காம் அகா அந்த ரொட்டிமேல் கையை வைத்தார். "இருபதாந்தேதி வரைக்கும் தொடமாட்டேன். ரொட்டி சாட்சி," என்றார். அதற்குமேல் எங்கள் பக்கம் சத்தியம் கிடையாது. சனோபர் அழுதுகொண்டே, அவரோடு சேர்ந்து தானும் கையால் மண்ணை அள்ளிப் போட்டு அந்தக் குழியை மூடினாள்.

பதினோராம் தேதி சாயங்காலம் மேல்மலையிலிருந்து காற்று திரும்பியது. நாய்கள்கூட வாசலில் படுக்கவில்லை. ஊர் மொத்தமும் தோப்புக்குள் ஓடியது. ஈர வைக்கோல், மரத்தூள், டயர், கையில் கிடைத்தது எல்லாவற்றையும் கொளுத்தினார்கள். நெருப்பு மளமளவென்று எரிந்து அணைந்ததே தவிர, புகை மூட்டம் கட்டவில்லை. சத்தோர்தான் கூச்சப்பட்டுக்கொண்டே வந்தார். "அகா, நெருப்பு உங்க தொழில். கொஞ்சம் வந்தீங்கன்னா..." மஹ்காம் அகா சட்டையை மாட்டிக்கொண்டு போனார். விடிகிறவரைக்கும் ஒவ்வொரு தோப்பாக ஓடி, அடியில் கரி, மேலே ஈரம், வாயை மண்ணால் மூடு, கொழுந்துவிட விடாதே என்று மூச்சுவிடாமல் விரட்டினார். சனோபர் தோப்பில் மட்டும் ஆறு இடத்தில் மூட்டம் போட்டார். அப்படியொரு புகையை எங்கள் ஊர் பார்த்ததில்லை. குளிரும் லேசுப்பட்டதாக இல்லை. விடிந்து வெளிச்சம் வந்தபோது தொட்டித் தண்ணீர் கல்லாகக் கிடந்தது. சனோபர் ஒரு பிஞ்சைக் கிள்ளி நகத்தால் பிளந்தாள். உள்ளே கறுப்பு. அடுத்தது கறுப்பு. அடுத்த மரம், அதற்கடுத்த மரம். புதிதாகப் பந்தலில் ஏற்றிய திராட்சையெல்லாம் வெந்த கீரை மாதிரி தொங்கியது.

மஹ்காம் அகா அதைப் பார்த்துவிட்டுத் தெருவில் நடந்தார். பாதி தூரத்தில் அவருக்கு என்னமோ உறைத்தது. நின்றார். அப்புறம் ஓட ஆரம்பித்தார். ஐம்பத்தெட்டு வயதில், இரவெல்லாம் நின்ற காலோடு, வீட்டுக்குள் பாய்ந்து, மேட்டுக்கு முன்னால் போய் நின்றார். மண் அப்படியே இருந்தது. மேலே வெள்ளையாக உறைபனி. ஒரு கோழி நடந்த தடம்கூட இல்லை.

"நான் இல்ல!" என்று கத்தினார். "ஹோசியத்! நான் இல்லடீ! மூடி இருக்கும்போதே வந்துடுச்சு!"

அவர் ஆடினார் என்று ஹோசியத் இன்றைக்கும் சொல்வாள். கல்யாணத்தில்கூட ஆடாத மனுஷன் கையைத் தூக்கிக்கொண்டு மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாராம். அதோடு நின்றாரா? தெருவுக்கு ஓடினார். கரியும் சோர்வுமாக வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒவ்வொருத்தரையும் கையைப் பிடித்து இழுத்தார். "வந்து பாருங்க! ஒரே நிமிஷம்! மண்ணு கலையல, வந்து பாருங்க!" விட்டால் போதும் என்று அவர்களும் வந்தார்கள். நாற்பது பேர் மேட்டைச் சுற்றி நின்றார்கள். எழவுக்கு வந்தவர்கள் மாதிரி. அவர் ஒருத்தர் மட்டும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நடுவில்.

"கரண்டியால தோண்டினாராமே அன்னைக்கு," என்றார் சத்தோர் மெதுவாக. "ஒரு சாண் இருக்குமாம். அது சேருமா சேராதா?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. ஒரு சாண் திறந்தது திறப்பா இல்லையா என்று இரண்டு பேர் வாதம்கூட ஆரம்பித்துவிட்டார்கள். மஹ்காம் அகா முகத்தில் சிரிப்பு அப்படியே தொங்கிப்போய் நின்றது.

"சேராது."

சொன்னது சனோபர். கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். புகையில் கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. "நானே பக்கத்துல இருந்து மூடினேன். ரொட்டிமேல கை வெச்சாரு, சொன்ன சொல்லைக் காப்பாத்தினாரு. மரம் அழுகுதுன்னு தெரிஞ்சும் தொடல. அவர் இல்ல. இந்த வருஷம் இல்ல. அப்ப போன வருஷமும் இல்ல. எந்த வருஷமும் இல்ல."

ஏழு வருடமாக அவர் காத்திருந்த வார்த்தை. கூட்டத்தில் ஒவ்வொருத்தராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்போதுதான் மஹ்காம் அகா அவர்கள் கைகளைப் பார்த்தார். எல்லாம் கரி. சத்தோரின் ஒரு சட்டைக்கை முழங்கை வரைக்கும் எரிந்திருந்தது. ஹோசியத் பக்கத்தில் வந்து, "போதுங்க," என்று அவர் காதில் மட்டும் சொன்னாள். "அவங்க வருஷமே போச்சு." அவருக்கு வெட்கமாகிவிட்டது. வாயைத் துடைத்துக்கொண்டார், சிரிப்பைத் துடைக்கிறவர் மாதிரி.

வேறு வேலை யாருக்கும் இருக்கவில்லை. சத்தோர் போய் மண்வெட்டியை எடுத்து வந்து இரண்டு கையாலும் நீட்டினார். "திறந்துடுங்க அகா. இனி என்ன இருக்கு போறதுக்கு?" நாற்பது பேரும் இறங்கிவிட்டார்கள். உறைந்த மேல்மண்ணை உடைத்து, கம்பளத்தை உரித்து, கட்டுகளை அவிழ்த்து, ஒடியாமல் ஒவ்வொரு கிளையாகத் தாங்கிப் பிடித்து நிமிர்த்தினார்கள். இரண்டு கிளை கூழாகிப் போயிருந்தது. ஒன்று சந்தேகம். மூன்றில் மொட்டு இருந்தது. வெளுத்துப்போய், வெயில் கண்டு கண்ணைச் சுருக்குகிற மாதிரி, ஆனால் உயிரோடு. அந்தக் காலையில் ஊருக்குள் பழுதில்லாமல் இருந்த ஒரே மொட்டு அதுதான். ஒவ்வொருத்தராக மண்ணைத் தட்டிவிட்டுக் கிளம்பினார்கள்.

சனோபர் மட்டும் போகவில்லை. கலைந்த மண்ணின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அகா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"ஏழு வருஷமா பனி விழுந்தா நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? மதில் பக்கம் வந்து நின்னு உங்களை நாலு வார்த்தை திட்டுவேன். தொண்டை வத்தத் திட்டுவேன். அப்புறம் மனசு கொஞ்சம் ஆறும். போய் மாவு பிசைவேன், வேலையைப் பார்ப்பேன்." அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள், அதில் ஒன்றும் இல்லை. "இப்ப நீங்க இல்லன்னு ஆயிடுச்சு. நானே என் வாயால சொல்லிட்டேன். இனிமே நான் யாரைத் திட்டுறது?"

மஹ்காம் அகா ஒரு கிளையிலிருந்த மண்ணை விரலால் துடைத்துக்கொண்டே நின்றார். அவர் இல்லை என்று காலையில்தான் கிடைத்த வார்த்தை, இன்னும் மதியம்கூட ஆகவில்லை.

"என்னையே திட்டு," என்றார்.

"நீங்கதான் இல்லையே."

"அதனால என்ன? பனிக்கு வீடு வாசல் இருக்கா, போய்த் திட்டுறதுக்கு? நான் இங்கதானே இருக்கேன், மதிலுக்கு இந்தப்பக்கம். எனக்கும் பழகிப்போச்சு. திட்டு."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எப்படி அகா, தெரிஞ்சுக்கிட்டே..."

"கரண்டிக்காரன்னு ஆரம்பி. தானா வரும்."

"உங்க கை விளங்குமா," என்றாள் சனோபர். குரல் எழும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "உங்க கை விளங்குமாய்யா! என் பொண்ணு வயித்தெரிச்சல் உங்களைச் சும்மா விடுமா! பிஞ்சு பிஞ்சா எரிச்சிட்டீங்களே, பதினாலு மரத்தையும்!" அதற்கப்புறம் நிற்கவில்லை. அழுகையும் திட்டும் கலந்து தெருமுனை வரைக்கும் கேட்டது. போனவர்களில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு, விஷயம் புரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு நடந்தார்கள். மஹ்காம் அகா தலையைக் குனிந்து, "ஆமா சனோபர், ஆமா, நான்தான்," என்று சொல்லிக்கொண்டே கிளைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஹோசியத் உள்ளே போய் மூன்று பேருக்குத் தேநீர் வைத்தாள்.